கண்டியில் வாடகை வீடும் வளர்ப்புப் பிராணியும்

ஞாயிறு பத்திரிகைகளின் 'வாடகைக்கு' என்ற பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதன் மொழி மனப்பாடமாகியிருக்கும். நகரிலிருந்து இத்தனை கிலோமீற்றர், இரண்டு அறைகள், தனியான மின்மானி, வாகனம் செல்லும் பாதை, 'சிறு குடும்பம் விரும்பத்தக்கது.' அந்தக் கடைசிச் சொற்றொடருக்குள் எத்தனையோ நிபந்தனைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தொலைபேசியில் அழைக்கும்போதுதான் அவை ஒவ்வொன்றாக விரியும். முதலில் பெயர் கேட்கப்படும். பின்னர் தொழில், சொந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை. இவையெல்லாம் ஒருவாறு ஒப்பேறிய பிறகு, கண்டிப் பக்கத்தில் அநேகமாக ஒரு கேள்வி வரும்: 'பல்லெக் இன்னவாத?' நாய் இருக்கிறதா என்பதே அது. 'ஆம்' என்று பதில் சொன்னவர்களுக்கு அந்த உரையாடல் எவ்வளவு விரைவாக முடியும் என்பது தெரியும்.

இதை ஒரு பெரும் பிரச்சினையாக எடுத்து எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். மனிதருக்கே கூரையில்லாத நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் வக்காலத்தா என்பார்கள். ஆனால் வீடு கிடைக்காத குடும்பம் நாயை என்ன செய்கிறது என்று பார்த்தால் இது தனிப்பட்டவர்களின் கவலையாக மட்டும் இருப்பதில்லை. சாக்கிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றப்படும் அந்தப் பிராணி ஒரு சந்தையின் பின்புறத்திலோ, விகாரையின் வாசலிலோ, பேராதனை வீதியின் ஏதோவொரு திருப்பத்திலோ இறக்கிவிடப்படுகிறது. அடுத்த ஆண்டு அதற்குத் தடுப்பூசி போட எவரும் இருப்பதில்லை. 1973 ஆம் ஆண்டில் இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர். தடுப்பூசித் திட்டங்களின் பயனாக அந்தத் தொகை இன்று ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. முற்றாக ஒழியவில்லை. ஒரு வீட்டுக்காரர் மறுத்த நாயின் செலவைக் கடைசியில் ஊரே சுமக்கிறது.

கண்டிக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. மலைகளுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நகரம் இது. சமதரை அரிது, சரிவை வெட்டி, மதில் எழுப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. அஸ்கிரிய, அனிவத்த, பஹிரவகந்த, அம்பிட்டிய எனச் சரிவெங்கும் இதுவே காட்சி. வீட்டுக்காரர் வீதி மட்டத்தில் வசிப்பார். அவருக்குக் கீழே படியிறங்கிச் செல்லும் 'அனெக்ஸ்' வாடகைக்கு விடப்படும். படிக்கட்டு பொது, துணி காயப்போடும் கொடி பொது, தண்ணீர்த் தாங்கி பொது. கீழே குரைத்தால் மேலே தூக்கம் கலையும். தனி வளவும் வேலியும் உள்ள வீடு வேண்டுமென்றால் குண்டசாலை, திகன, பிலிமத்தலாவ, கெலிஓயா என்று வெளியே போக வேண்டும். ஆனால் வாடகை வீடு தேடிக் கண்டிக்கு வருபவர்கள் நகரை ஒட்டியே தங்க வேண்டிய தேவையுடையவர்கள். பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியசாலைகளுக்கும் மாற்றலாகி வருபவர்கள் ஒரு புறம். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கு வசிப்பிடச் சான்று தேடும் பெற்றோர் மறுபுறம். தேவை அதிகம், வீடு குறைவு. தெரிவு செய்யும் உரிமை இயல்பாகவே வீட்டுக்காரரின் கையில் போய்விடுகிறது.

வீட்டுக்காரரின் அச்சத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும், மறு ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் இந்நாட்டின் வீட்டுச் சொந்தக்காரர்கள் மனத்தில் அழியாத தழும்பை விட்டுச் சென்றன. வாடகை கட்டுப்படுத்தப்பட்டது; குடியிருப்பவரை எழுப்புவது கடினமாயிற்று; ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வந்தது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில் வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. அதே வேளையில், 'ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது' என்ற பயம் சொந்தக்காரர் வர்க்கத்தில் குடியேறியது. 1980 ஆம் ஆண்டின் திருத்தமும் பின்னர் 2002 ஆம் ஆண்டின் திருத்தமும் அச்சட்டத்தின் பிடியைத் தளர்த்திவிட்டன. குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தை விரைவாக மீளப் பெறுவதற்கென 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. பயம் மட்டும் பரம்பரைச் சொத்தாகக் கைமாறி வருகிறது. நாயோடு வருபவர் எளிதில் எழும்பமாட்டார் என்று ஒரு தரகர் என்னிடம் சொன்னார். அவருக்கு இன்னொரு வீடு கிடைக்காதல்லவா என்பது அவருடைய தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வாடகைச் சட்டம் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. அச்சட்டம் இன்னும் பொருந்தும் பழைய வீடுகளில், அயலவருக்குத் தொல்லையாக நடந்துகொள்வதும், குடியிருப்பவரின் செயலாலோ கவனக்குறைவாலோ கட்டடம் சீரழிவதும் வெளியேற்றுவதற்கான காரணங்களாகும். நாய் வளர்ப்பது தன்னளவில் காரணமாகாது. அது இரவு முழுதும் குரைப்பதும் கதவைச் சுரண்டிப் பாழாக்குவதும் காரணமாகலாம். சட்டத்துக்கு வெளியே உள்ள புதிய வீடுகளில் ஒப்பந்தம் சொல்வதே வேதம். சேதத்தைப் பொறுத்தவரை நமது நாட்டில் வழங்கும் ரோம-டச்சுச் சட்டம் தெளிவானது. வளர்ப்பு மிருகம் தன் இயல்புக்கு மாறாகப் பாய்ந்து ஊறு விளைவித்தால், உரிமையாளர் மீது கவனக்குறைவை நிரூபிக்காமலே நட்டஈடு கோரலாம். ஆகவே வீட்டுக்காரர் கையறு நிலையில் இல்லை.

ஒப்பந்தம் என்றதும் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. கண்டியில் மட்டுமல்ல, நாடெங்கும், ஒரு தாளில் எழுதி முத்திரை ஒட்டி இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் அது 'அக்ரிமென்ட்' என்று நம்பப்படுகிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்பட வேண்டும். அவ்வாறு செய்யப்படாத 'ஓராண்டு ஒப்பந்தம்' சட்டத்தின் பார்வையில் குத்தகை என்ற வலிமையைப் பெறுவதில்லை. பெரும்பாலும் மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகவே கொள்ளப்படும். இந்த நிலையில், 'நாய் இருந்தால் பரவாயில்லை' என்று தரகர் வாயால் சொன்னதற்கு என்ன பெறுமதி இருக்க முடியும்? நாயோடு குடிபோகிறவருக்கு, நாயில்லாதவரைவிட, நொத்தாரிசு உறுதி அதிகம் தேவைப்படுகிறது.

இனி, பெயர் கேட்கப்படும் அந்த முதற் கேள்விக்கு வருவோம். நமது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிறது. இனம், மதம், மொழி முதலிய காரணங்களுக்காக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. தனியார் வீட்டுக்காரர் அதற்குள் வருவதில்லை. அதே உறுப்புரையின் மூன்றாம் பந்தி தனியார் இடங்களைத் தொடுகிறது: கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், தத்தம் மதத்தவரின் வழிபாட்டிடங்கள். வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. யுத்த காலத்தில் தமிழ்ப் பெயரோடு கண்டியிலோ கொழும்பிலோ வீடு தேடியவர்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பது அனுபவத்தில் தெரியும். 2018 மார்ச்சில் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்தவற்றுக்குப் பின்னர் முஸ்லிம் குடும்பங்களும் அதை உணர்ந்தன. பெயருக்காக மறுப்பதாக யாரும் நேரே சொல்வதில்லை. 'வீடு நேற்றே போய்விட்டது' என்பார்கள். 'நாய் இருப்பதால்தான் யோசிக்கிறோம்' என்றும் சொல்வார்கள். நாய் சில வேளைகளில் மரியாதையான சாட்டு.

நாம் மட்டும் கைசுத்தமானவர்கள் அல்லர் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். சைவ வீட்டுக்காரர்கள் பலர், 'மச்சம் மாமிசம் சமைப்பீர்களா' என்று கேட்டே முஸ்லிம் குடும்பங்களையும் கிறிஸ்தவக் குடும்பங்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பூனையை அனுமதித்துவிட்டு அடுப்படியில் மீன் கூடாது என்று நிபந்தனை போட்ட ஒருவரை நான் அறிவேன். பூனை என்ன சாப்பிடும் என்று குடிவந்தவர் கேட்டதற்கு, பருப்புச் சோறு என்று பதில் வந்ததாம்.

முஸ்லிம் வீட்டுக்காரர் நாயை மறுக்கும் விடயம் இதிலிருந்து வேறுபட்டது. அதை வெறும் ஒவ்வாமை என்று தள்ளிவிடக் கூடாது. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் கடுமையான நஜீஸ். அது பட்ட பாத்திரம் ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவப்பட வேண்டும். வேட்டை, மந்தை, விவசாயக் காவல் என்ற தேவைகள் இன்றி நாய் வளர்ப்பதை ஹதீஸ்கள் ஊக்குவிக்கவில்லை. நாய் உள்ள வீட்டுக்குள் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்பதும் அறியப்பட்ட செய்தி. தொழுகை நடக்கும் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பொதுப் படிக்கட்டில், நாய் நடமாடுவதை அக்குடும்பம் விரும்பாதது நியாயமே. படிக்கட்டு ஈரமாயிருக்கும் கண்டி மழைக் காலத்தில் அந்தச் சங்கடம் இரட்டிப்பாகும்.

அதேவேளை மார்க்கத்தின் முழுப் படமும் அதுவல்ல என்பதை உலமாக்களே எடுத்துச் சொல்வர். இரு புறமும் உலர்ந்திருக்கையில் நாய் தொட்டால் நஜீஸ் ஒட்டுவதில்லை என்பது அதே மத்ஹபின் சட்டம். ஷாபிஈ அறிஞரான இமாம் நவவி, வீட்டுக் காவலுக்காக நாய் வைத்திருப்பதை ஏனைய தேவைகளோடு ஒப்பிட்டு ஆகுமாக்கிய கருத்தையே வலுவானதாகக் கொண்டார். மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் நஜீஸாகவே கருதப்படுவதில்லை. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாறு எல்லா மத்ரஸாக்களிலும் சொல்லப்படுவது. நாயோடு இருந்த குடும்பம் போன பிறகு வீடு என்றென்றைக்கும் பயனற்றதாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. கழுவித் தூய்மையாக்கும் முறையை மார்க்கமே வகுத்திருக்கிறது. தனி வாசலும் தனி வளவும் உள்ள வீடாயின் இருவரும் அமர்ந்து பேச இடமிருக்கிறது. பொதுப் படிக்கட்டு வீடாயின் பூனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றித் திரியும் பிராணி என்பது நபிமொழி. அபூஹுரைரா என்ற பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். அக்குறணையிலும் மடவளையிலும் பூனையில்லாத முடுக்கு எது?

இந்துக்களுக்கு நாய் வைரவரின் வாகனம். மகாபாரதத்தின் முடிவில் தருமனுக்கும் இதே சிக்கல்தான் வந்தது. நாயோடு வருபவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சுவர்க்கத்தின் வாசலிலேயே இந்திரன் சொன்னான்; தருமன் நாயை விட்டுவிட்டு உள்ளே போக மறுத்தான். அந்த நாய் தருமதேவதையாக உருமாறியதால் தருமனுக்கு வழி பிறந்தது. மற்றவர்களின் நாய்கள் நாய்களாகவே இருந்துவிடுகின்றன.

வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 2006 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், 'பிராணிகள் கூடாது' என்ற ஒப்பந்த வாசகம் செல்லாது என்கிறது. ஆயினும் ஒப்பந்தத்துக்கு முன்பே நாய்க்காரருக்கு வீடு கொடுக்காமல் விடுவதை அது தடுப்பதில்லை. ஸ்காபரோவில் உள்ளவர்கள் அந்த ஓட்டையை நன்கு அறிவர். இங்கிலாந்தில் 2025 ஒக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைக் குடியிருப்பாளர் உரிமைச் சட்டம், 2026 மே 1 ஆம் திகதியைத் தொடக்கமாகக் கொண்டு, பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் உரிமையை வழங்குகிறது. வீட்டுக்காரர் 28 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. இந்தியாவில் விலங்கு நல வாரியம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுத்தும் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்றன. சிங்கப்பூரின் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளில் பல ஆண்டுகளாகப் பூனைக்குத் தடை இருந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் உரிமப் பதிவோடு இரண்டு பூனைகள் வரை அனுமதி கிடைத்தது.

இவற்றில் இங்கிலாந்தின் வழியை இங்கே பெயர்த்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே தொழுகை அறை, கீழே அனெக்ஸ் என்றிருக்கும் கண்டி வீட்டில், சட்டத்தின் கட்டாயத்தால் நாய் வருவது இரு குடும்பத்துக்கும் நரகமாகும். சிங்கப்பூரின் வழியே நமக்கு அண்மையானது: பதிவு, எண்ணிக்கை வரம்பு, பொறுப்பு. அதற்கான சட்டமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்யச் சொல்கிறது. நூற்றாண்டு கடந்த அந்தச் சட்டத்தை நாய் வளர்ப்போரில் எத்தனை பேர் மதிக்கிறார்கள்? பதிவுத் துண்டு கையிலிருந்தால் அது வீட்டுக்காரருக்கு நீட்டக்கூடிய முதல் நற்சான்றாக இருக்கும்.

மற்றச் சான்றுகளைப் பெறுவதற்குக் கண்டியைவிட வசதியான ஊர் இலங்கையில் இல்லை. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயில் இருக்கிறது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை அரசு இலவசமாகவே போடுகிறது. விலங்கு நலன் மூலம் சமூகப் பாதுகாப்புக்கான கண்டிச் சங்கம் பல ஆண்டுகளாகக் கருத்தடையிலும் தடுப்பூசியிலும் உழைத்து வருகிறது. கருத்தடை செய்யப்பட்ட நாய் அலைச்சல் குறைந்தது, பூனை சுவரில் மூத்திரம் தெளிப்பது அரிது. வீட்டுக்காரர் அஞ்சுகிற விடயங்களில் பாதிக்கு மருந்து அங்கேயே இருக்கிறது.

அடுத்தது மறைக்காமல் சொல்வது. நாயை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்து, முற்பணம் கொடுத்த மறுவாரம் கூட்டிவரும் தந்திரம் பரவலாக இருக்கிறது. அடுத்து வரும் நாய்க்காரருக்கு அந்த வீட்டுக் கதவு அத்துடன் அடைபட்டுப் போகிறது. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை; நானே செய்தவன். 2003 ஆம் ஆண்டில் கட்டுகலையில் நாங்கள் இருந்த வீடு விற்கப்பட்டபோது எங்களிடம் ஜிம்மி என்றொரு வயதான நாய் இருந்தது. பதினொரு வீடுகள் பார்த்தோம். பன்னிரண்டாவது வீட்டில் நாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜிம்மியைக் கம்பளையில் மனைவியின் அண்ணன் வீட்டில் விட்டு, பத்தாம் நாள் இரவில் கொண்டு வந்தோம். காலையில் வீட்டுக்காரர் படியிறங்கி வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. 'முதலே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்' என்று மட்டும் சொன்னார். என் தகப்பனார் ஆசிரியராக இருந்தவர், அதனால் அந்த விளிப்பு எனக்கும் வந்திருந்தது. மாத முடிவில் வீட்டைக் காலி செய்தோம். ஜிம்மி மறுபடியும் கம்பளைக்குப் போயிற்று.

பிறகு லேவெல்லப் பக்கம், உடவத்தகலைக் காட்டின் ஓரத்தில் ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரி தனியே வாழ்ந்த ஓய்வுபெற்ற தாதி. இம்முறை ஜிம்மியையும் அதன் தடுப்பூசிச் சீட்டையும் கையோடு கொண்டுபோனோம். அவர் நாயைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நொத்தாரிசிடம் போகலாம் என்றார். உறுதியில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாசகங்கள் இன்றும் பயன்படும் என்பதால் தருகிறேன். நாய் ஒன்றே, அது இறந்தால் அனுமதியின்றி இன்னொன்று இல்லை. மேல்மாடிப் படியில் ஏறக் கூடாது. முன்முற்றத்தை நாளும் குடியிருப்பவர் கழுவ வேண்டும். இரவு பத்து மணிக்குப் பின்னர் உள்ளே கட்ட வேண்டும். அயலவர் முறையிட்டால் முதலில் எழுத்தில் அறிவித்துப் பதினான்கு நாள் தவணை. சாதாரண முற்பணத்துக்கு மேல் அரை மாத வாடகை சேதத்துக்கென்று தனியாக வைக்கப்படும். போகும்போது கதவுகளின் கீழ்ப்பாதிக்கு வர்ணம் பூசிக் கொடுத்தால் அது முழுதாகத் திரும்பும். கடைசியாக, நாய் இருப்பதை மாத்திரம் காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் தவணைக்கு முன் எழுப்ப முடியாது.

மூன்று ஆண்டுகள் இருந்தோம். ஜிம்மி அங்கேதான் இறந்தது. காலி செய்த நாளில் கதவுகளின் வர்ணத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த அம்மையார் அரை மாத வாடகையை எண்ணிக் கொடுத்தார். இனிக் காட்டுக் குரங்குகளை யார் விரட்டுவது என்று கேட்டார்.